பழைய மோட்டார்ஹோமா, கேரவனா? பணம் கைமாறும் முன் அறிய வேண்டியவை

பிரிட்டனில் பள்ளிக் கோடை விடுமுறை நெருங்கினால் பழைய மோட்டார்ஹோம்களுக்கும் கேரவன்களுக்கும் கிராக்கி வந்துவிடும். கார்ன்வால் கடற்கரை, வேல்ஸ் மலைகள், ஸ்காட்லாந்து ஏரிகள் என்று குடும்பத்தோடு சுற்ற வேண்டும்; ஹோட்டல் செலவு மிச்சமாக வேண்டும்; பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சமைத்துக்கொடுக்க ஓர் அடுப்பும் வேண்டும். நியாயமான ஆசைதான். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை உண்டு.

ஆனால் இது பல ஆயிரம் பவுண்டு புரளும் கொடுக்கல் வாங்கல். இரண்டில் எது வசதி என்று பேசுகிறவர்கள் நிறைய. எதை வாங்கினால் சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று விசாரிக்கிறவர்கள் குறைவு. சட்டத்தின் கண்ணில் மோட்டார்ஹோம் ஒரு மோட்டார் வாகனம். கேரவன், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர். ஆவணம், பரிசோதனை, பழைய கடன், பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை என எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு வந்து நிற்கும்.

யாருக்கு எது பொருந்தும்?

தினமும் ஓர் ஊர் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு மோட்டார்ஹோம் வசதி. வந்து நிறுத்தியதும் வீடு தயார். ஆனால் பால் வாங்கக் கடைக்குப் போவதானாலும் பாத்திரங்களை ஒதுக்கி, மின்கம்பியைக் கழற்றி, முழு வீட்டையும் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குகிறவர்களுக்குக் கேரவன் நல்லது. அதை முகாமில் விட்டுவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். என்ஜின், கியர்பாக்ஸ் இல்லாததால் பராமரிப்புச் செலவும் குறைவு.

பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்கார்ந்து போகக் கூடாது, அது சட்டவிரோதம். மோட்டார்ஹோமில் உட்கார்ந்து போகலாம். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘நான்கு பேர் தூங்கலாம்’ என்பது படுக்கைக் கணக்கு. சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் இரண்டு மட்டுமே இருக்கும் வண்டிகளும் உண்டு. பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்த முடியாது. படுக்கையை எண்ணும் முன் பெல்ட்டை எண்ணுங்கள்.

நிறுத்த இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டு முன்வாசலில் கேரவனோ மோட்டார்ஹோமோ நிறுத்தக் கூடாது என்று சில குடியிருப்புகளின் வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கும். அப்படியானால் மாதாமாதம் வெளியில் வாடகை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

லண்டன்வாசிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நிர்வாகப் பகுதிகளும்) யூலெஸ் எனும் மிகக் குறை உமிழ்வு மண்டலத்துக்குள் வந்துவிட்டன. 3.5 டன் வரையிலான டீசல் மோட்டார்ஹோம் யூரோ 6 உமிழ்வுத் தரத்தில் இல்லையென்றால், மண்டலத்துக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கேரவனுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. இழுக்கும் கார் தகுதியானதா என்பதுதான் கேள்வி.

லைசென்சும் எடையும்

1997 ஜனவரி 1 முதல் காருக்கான லைசென்ஸ் பெற்றவர்கள் 3,500 கிலோ வரையிலான மோட்டார்ஹோமை மட்டுமே ஓட்டலாம். பிற்காலத்தில் குடியேறி, அங்கே தேர்வெழுதி லைசென்ஸ் பெற்ற பெரும்பாலான தமிழர்களுக்கு இதுதான் வரம்பு. அதற்குமேல் எடையுள்ள வண்டிக்கு சி1 பிரிவுத் தகுதி தேவை. கேரவன் இழுப்பதில் விதி தளர்ந்திருக்கிறது. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரணக் கார் லைசென்ஸ் உள்ளவர்கள் தனித்தேர்வு இல்லாமலே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். ஆனால் உங்கள் காரின் இழுவைத் திறன் எவ்வளவோ அவ்வளவுதான் இழுக்கலாம். கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது, புதிதாக இழுப்பவர்களுக்குக் கேரவன் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை.

மோட்டார்ஹோமில் எடை ஏமாற்றிவிடும். உதாரணமாக, அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 3,500 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து ஓட்டத் தயாரான நிலையில் எடை 3,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 350 கிலோ. இன்னும் மூன்று பெரியவர்கள் ஏறினால் 225 கிலோ போய்விடும். மீதி 125 கிலோவுக்குள் அரிசி மூட்டையிலிருந்து சைக்கிள், மடக்கு நாற்காலி, துணிமணி வரை எல்லாம் அடங்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பொருத்திய சோலார் பேனலும் கூடுதல் பேட்டரியும் இந்த 125-ஐயும் தின்றிருக்கலாம். வரம்பை மீறினால் அபராதம் வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்கும். எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

ஆவணத்தில் பெரிய வேறுபாடு

மோட்டார்ஹோமுக்கு அரசுப் பதிவு உண்டு. வி5சி எனும் லாக்புக் இல்லாமல் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மூன்று வயது கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி பரிசோதனை கட்டாயம். பதிவெண்ணைக் கொடுத்தால் போதும். பழைய பரிசோதனைகளில் எதில் தேறவில்லை, எத்தனை மைல் ஓடியிருந்தது என்ற விவரமெல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மைல் கணக்கு ஓராண்டில் திடீரென்று குறைந்திருந்தால் உஷாராகுங்கள். அதே நேரம், எம்.ஓ.டி, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்பதைப் பற்றியது. கூரை ஒழுகுகிறதா, காஸ் இணைப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

கேரவனுக்கு லாக்புக்கும் இல்லை, எம்.ஓ.டியும் இல்லை. 1992-இல் தேசிய கேரவன் கவுன்சில் தொடங்கிய கிரிஸ் பதிவுத் திட்டம்தான் ஓரளவு துணை. அதில் சேர்ந்த கேரவன்களின் ஜன்னல் கண்ணாடிகளில் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். சேசிஸிலும் அதே எண் இருக்கும். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் எண்ணைச் சேசிஸோடு ஒப்பிடுங்கள். எங்காவது சுரண்டியிருந்தாலோ, ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கட்டணம் செலுத்தி அந்த எண்ணைச் சோதித்தால், திருட்டுப் புகாரோ கடன் பாக்கியோ பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். வி5சியோ கிரிஸ் ஆவணமோ உரிமைப் பத்திரம் ஆகாது. விற்பவர் முதலில் வாங்கிய ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய கடன் விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரியது. விற்றவர் தவணைக் கடனைக் கட்டி முடிக்காமலேயே விற்றிருக்கலாம். அப்படி விற்ற மோட்டார் வாகனத்தை, கடன் இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனிநபருக்கு 1964-ஆம் ஆண்டின் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மோட்டார்ஹோம் அந்தப் பாதுகாப்புக்குள் வரும். சொந்த என்ஜின் இல்லாத கேரவன் வராது. கடன் கொடுத்த நிறுவனம் வந்து கேரவனைக் கேட்டால், முழுப் பணம் கொடுத்தவரும் இழக்க நேரிடும். திருட்டு வண்டி என்றால் இரண்டுக்குமே பாதுகாப்பு இல்லை. சோதனைக்குச் செலவாகும் சில பவுண்டைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

நேரில் பார்க்கும்போது

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஓதம். இணைப்புகளில் பூசிய பசை காய்ந்து வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்கி, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் வண்டி உள்ளே உளுத்துப்போயிருக்கலாம். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வருகிறதா என்று பாருங்கள். அலமாரிகளைத் திறந்து மூலைகளையும், ஜன்னலின் கீழ்ப்பகுதியையும், கூரை விளக்கின் ஓரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அங்கே தண்ணீர் வேலை செய்திருக்கிறது. தரை சில இடங்களில் பொதபொதவென்று இருந்தாலும் அதே கதைதான். ஈரப்பத மானியில் 15 சதவீதத்துக்குள் காட்டினால் பொதுவாகக் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30-ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரத்தில் செய்தது. கேரவன் டயர்கள் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஐந்து ஆண்டில் மாற்றுவது நல்லது, ஏழைத் தாண்டக் கூடாது என்பதுதான் துறையினர் சொல்வது. மோட்டார்ஹோமில் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினா என்றும் கேளுங்கள். குறைந்த மைல் ஓடிய வண்டி என்றாலும் அந்த பெல்ட்டை வயதுக் கணக்கில் மாற்றியாக வேண்டும்.

காஸ் அடுப்பையும் ஹீட்டரையும் தகுதியுள்ள தொழில்நுட்பர் சோதித்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வேலை செய்யும் அலாரம் இல்லாத வண்டியில் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளேயோ, பக்கக் கூடாரத்திலோ எடுத்துவைப்பது உயிருக்கே ஆபத்து.

யாரிடம் வாங்குகிறீர்கள்?

உங்கள் உரிமையின் பெரும்பகுதியை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும். பொருள் திருப்தியான தரத்தில், நோக்கத்துக்கு ஏற்றதாக, சொன்னபடி இருக்க வேண்டும். பழைய பொருள் என்பதால், வயதையும் விலையையும் வைத்துத் தரத்தை அளப்பார்கள். ‘பார்த்தபடியே விற்றது’ என்று டீலர் ரசீதில் எழுதிவிட்டால் இந்த உரிமை போய்விடாது.

தனிநபரிடம் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், சொன்ன விவரம் பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் முக்கியமான கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ‘ஓதம் இல்லை, விபத்தில் சிக்கியதில்லை, கடன் பாக்கி இல்லை’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தி நாளை உங்கள் சாட்சி. சில டீலர்கள் இந்தப் பொறுப்பைத் தவிர்க்கத் தனிநபர் வேடம் போடுவார்கள், அது குற்றம். ஒரே தொலைபேசி எண்ணில் பல விளம்பரங்கள் வந்தாலோ, லாக்புக்கில் வேறு பெயர் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். நேரில் போய்க் கலந்துகொள்ளும் பொது ஏலத்தில் பழைய பொருள் எடுத்தால், நுகர்வோர் உரிமைகளில் பெரும்பகுதி கிடைக்காது.

பணம் கொடுக்கும் முறை

விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், அட்வான்ஸை மட்டுமாவது கிரெடிட் கார்டில் நேரடியாக டீலருக்குக் கட்டுங்கள். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவின்படி, டீலர் ஒப்பந்தத்தை மீறினால் கார்டு நிறுவனமும் முழுத் தொகைக்கும் சம பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டாலும் இந்த உரிமை நிலைத்திருக்கும். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே ரசீதும் இருக்கட்டும். அண்ணன் கார்டில் தம்பி வாங்கினால் பின்னால் சிக்கல் வரலாம்.

பார்க்காத வண்டிக்கு வங்கிப் பரிமாற்றத்தில் முன்பணம் அனுப்பாதீர்கள். பாதி விலைக்கு விளம்பரம் போட்டு, ‘இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்’ என்று அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களின் வழக்கம். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே வங்கியை அழையுங்கள். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டன் கணக்குகளுக்கிடையே இப்படி ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தை, 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. விதிவிலக்குகள் உண்டு, தாமதிப்பது உங்களுக்குத்தான் நஷ்டம்.

பழுது வந்தால் என்ன செய்வது?

டீலரிடம் வாங்கியதில் பெரிய குறை தெரிந்தால், முதல் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். குறை வாங்கியபோதே இருந்தது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். சுயேச்சையான பொறியாளரின் அறிக்கை உதவும். ‘2015 சட்டப்படி இதை நிராகரிக்கிறேன்’ என்று தெளிவாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, வண்டியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

30 நாள் தாண்டினால், பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ டீலருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் தோற்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது திருப்பிக் கொடுக்கலாம். இந்த வழிகளில் போகும்போது மட்டும், முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது டீலர் பாடு. இங்கே கேரவனுக்கு ஒரு சாதகம் உண்டு. ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், பயன்படுத்தியதற்காகப் பணம் பிடிக்கக் கூடாது. மோட்டார் வாகனத்துக்கு மட்டும் பிடிக்கலாம் என்று விதிவிலக்கு இருப்பதால், மோட்டார்ஹோமில் ஓடிய மைலுக்குக் கழிப்பார்கள்.

டீலர் மசியவில்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. கடனிலோ கார்டிலோ வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்திடம் புகார் கொடுத்து, தீரவில்லையென்றால் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் எனும் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதுவும் இலவசம். கடைசி வழி நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கையை, வக்கீல் இல்லாமலே சிறு வழக்குப் பிரிவில் தொடுக்கலாம். வழக்குப் போட அங்கே ஆறு ஆண்டும் ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டும் அவகாசம் உண்டு.

நல்ல இழுவைத் திறனுள்ள கார் ஏற்கெனவே இருந்து, ஒரே இடத்தில் தங்கும் பழக்கமும் இருந்தால், முதல் முறை வாங்குகிறவர்களுக்குக் கேரவனே சிக்கனம். ஆனால் அதைத் தனிநபரிடம் கைப்பணம் கொடுத்து வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் டீலரிடம், ஓதச் சோதனை அறிக்கையோடு, கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டி, எல்லா உறுதிமொழியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள். இவற்றில் எதற்காவது மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.