மலையே கிளாஸ்ரூம்... கமிட்டி கையில சாவி!

'கமிட்டி'ன்னு காதுல விழுந்தாலே நமக்கெல்லாம் கொட்டாவி வரும். டீ, சமோசா, அறிக்கை, அப்புறம் அலமாரி... அவ்வளவுதானே! ஆனா, கல்வராயன் மலையில இருக்கிற அரசுப் பள்ளிப் பசங்களை நாலு சுவரை விட்டு வெளியே கூட்டிட்டு வந்து பாடம் நடத்தணும்னா, அதுக்கான சாவி ஒரு கமிட்டிகிட்டதான் இருக்கு. நம்புங்க பாஸ்!

முதல்ல சின்னதா ஒரு ஃப்ளாஷ்பேக். 'மால்குடி' கதைகள் எழுதின ஆர்.கே.நாராயண், ராஜ்யசபா நியமன எம்.பி.யா இருந்தப்போ பேசினது எதைப் பத்தி தெரியுமா? குழந்தைகளோட முதுகை வளைக்கிற புத்தக மூட்டையைப் பத்தி! 1992-ல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில மத்திய அரசு ஓர் ஆலோசனைக் குழு போட்டுச்சு. 1993-ல் அறிக்கை வந்தது. அதை மனசுல வெச்சு உருவான 2005 தேசியக் கலைத்திட்டம், பள்ளிக்கு வெளியே இருக்கிற வாழ்க்கையோட பாடத்தை இணைக்கச் சொல்லுது. சூப்பர்தான். ஆனா, டெல்லியில சொன்னது வெள்ளிமலை வரைக்கும் ஏறி வரணுமே!

அங்கேதான் 2009 கல்வி உரிமைச் சட்டம் கை கொடுக்குது. அரசுப் பள்ளின்னா ஒரு 'பள்ளி மேலாண்மைக் குழு' இருந்தே ஆகணும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். இந்தக் குழு போடற 'பள்ளி வளர்ச்சித் திட்ட'த்தை வெச்சுதான் அரசு நிதி ஒதுக்கணும்னு 22-வது பிரிவு சொல்லுது. (உதவி பெறும் பள்ளிகள்ல மட்டும் இந்தக் குழு ஆலோசனை சொல்றதோட சரி.)

திட்டம்னதும் கழிப்பறை, குடிநீர், காம்பவுண்ட் சுவர்னு எழுதறாங்க. தப்பே இல்லை, அதெல்லாம் இல்லாம எப்படி? கூடவே வெளி வகுப்புக்கும் ஒரு வரி எழுதினா என்னங்கறதுதான் நம்ம கேள்வி.

ஏன்னா, மலையாளி பழங்குடி மக்கள் வாழற இந்த மலையில 'ரிசோர்ஸ் பர்சன்' தேடி அலைய வேண்டியதில்லை. சாமை விதைக்கிற அம்மா, கடுக்காய் பொறுக்கற தாத்தா, எந்த மரத்துல எப்போ தேன் கட்டும்னு சொல்ற சித்தப்பா... எல்லாரும் பெற்றோர் பக்கம்தான். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை இது. அப்போ இவங்ககிட்ட யார் கருத்து கேட்டா? இன்னிக்கு சட்டமே நாற்காலி போட்டு வெச்சிருக்கு. அந்த நாற்காலியில உட்கார வெச்சு வெறும் கையெழுத்து மட்டும் வாங்கினா எப்படி? உண்டு உறைவிடப் பள்ளி ஹாஸ்டல்லயே வளர்ற பசங்களுக்கு, தன் பாட்டிக்குத் தெரிஞ்ச செடியோட பேரு தெரியாமலே போயிடும்.

செலவு? நான் இன்ஜினீயரிங் ஆளு, கணக்கு சொல்றேன். பத்து மீட்டர் கயிறு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு வாட்ச். முழங்கால் ஆழ ஓடையில பழத்தை விட்டு, பத்து மீட்டரைக் கடக்க எத்தனை விநாடின்னு பாருங்க. தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம். அதை அகலம், ஆழத்தோட பெருக்கினா நீரோட்டத்தோட அளவு. மேல்தண்ணி வேகமா ஓடுங்கறதால விடையில 15 சதவிகிதம் கழிச்சுக்கோங்க. இந்த மலைத் தண்ணிதான் கீழே கச்சிராயபாளையம் பக்கத்துல கோமுகி அணைக்குப் போகுதுன்னா, கணக்கு, அறிவியல், புவியியல் மூணும் ஒரே பீரியட்ல முடிஞ்சுது!

பாதுகாப்பும் அந்தத் திட்டத்துலயே வரணும். மழை நாள்ல ஓடைப் பக்கமே போகக் கூடாது, காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி வேணும், கூடவே ரெண்டு பெற்றோராவது வரணும். மேகம் அருவிக்கு வேன் வெச்சுப் போறது டூர்... அது வேற டிபார்ட்மென்ட்!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில படிச்சவரா நீங்க? 2024-ல் குழுக்களை மாத்தி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. உங்க ஸ்கூல்ல அந்த இடத்துல யார் இருக்காங்கன்னு ஹெச்.எம். கிட்ட கேளுங்க. அப்படியே வளர்ச்சித் திட்டத்தையும் வாங்கிப் படிங்க. 'மாசம் ரெண்டு நாள் வெளி வகுப்பு'ன்னு ஒரு வரி அதுல இல்லைன்னா, அடுத்த கூட்டத்துல எழுதச் சொல்லுங்க. பேனாவை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க!