அறுத்து ஒட்டிய கார்கள்

1949-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாம் பாரிஸ் என்ற தகட்டு வேலைக்காரர், அந்த ஆண்டு மாடல் மெர்க்குரி கார் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ரம்பத்தை எடுத்து அதன் கூரையையே அறுத்தார்! கூரையைத் தாங்கும் தூண்களில் ஒவ்வொரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி மீண்டும் ஒட்டினார். நல்ல காரைப் பாழாக்கினார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தக் காரின் தோற்றத்தைப் பார்த்து இன்றுவரை அமெரிக்காவில் பலர் தங்கள் கார்களை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாம் பாரிஸ் அழகுக்காக அறுத்தார். ஆனால் கூரையை வெட்டும் பழக்கம் அழகுக்காகத் தோன்றியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் நீர் வற்றிய ஏரிகள் பல உண்டு. பல மைல் தூரத்துக்குத் தரை சிமெண்டு போட்டதுபோல் சமமாக இருக்கும். 1930-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை அங்கே ஓட்டிச் சென்று, யாருடையது வேகமானது என்று போட்டியிட்டார்கள். 1937-இல் தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் என்ற அமைப்பே தோன்றிவிட்டது. 1932-இல் வந்த ஃபோர்டு கார் அவர்களுடைய செல்லப்பிள்ளை. 8 சிலிண்டர்கள், 65 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு இப்படி ஒரு எஞ்சின் வேறெதிலும் இல்லை. மட்கார்டு, பம்பர், கூரைத் துணி என்று வேகத்துக்கு உதவாத அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். இப்படி உருமாறிய கார்களுக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர் வந்தது.

எடையைக் குறைத்தது சரி, கூரையை ஏன் குறைக்க வேண்டும்? காற்றுதான் காரணம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைந்தால் தடையும் குறையும். 120 செ.மீ. அகலமுள்ள கூரையை 10 செ.மீ. இறக்கினால் 1,200 சதுர செ.மீ. மிச்சம்! இந்தக் கணக்கின் உச்சிக்கே போனவர் பில் பர்க். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் அடியில் தொங்கவிட்ட, மீன் வடிவப் பெட்ரோல் தொட்டிகளைப் போர் முடிந்ததும் மலிவாக விற்றார்கள். அவற்றில் ஒன்றை வாங்கி அதையே காரின் உடலாக்கிவிட்டார் அவர். அதே முறையில் அலெக்ஸ் சைடியாஸ் குழுவினர் அமைத்த கார் 1952-இல் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 198 மைல் வேகம் எட்டியது.

மறுபடி கூரைக்கு வருவோம். தூண்களில் 10 செ.மீ. வெட்டிவிட்டு இறக்கினால் கூரை சரியாக உட்கார்ந்துவிடுமா? உட்காராது. கத்தரியும் அட்டைப்பெட்டியும் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காரின் முன் தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பின் தூண் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே மேலே போகப்போகத் தூண்களின் இடைவெளி குறைகிறது. நடுவில் வெட்டி இறக்கும்போது, குறுகலான மேற்பகுதி அகன்ற கீழ்ப்பகுதியின் மேல் வந்து நிற்கும். முன் தூண் செங்குத்திலிருந்து 20° சாய்ந்திருந்தால், அங்கு விழும் இடைவெளி 10 × டேன் 20° = 3.6 செ.மீ. பின்புறச் சாய்வு 30° என்றால் 5.8 செ.மீ. இரண்டும் சேர்ந்து 9.4 செ.மீ.! ஒன்று, தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். அல்லது கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் புதுத் துண்டு வைக்க வேண்டும். 1932 ஃபோர்டில் தூண்கள் ஏறக்குறைய செங்குத்து, வேலை சுலபம். 1949 மெர்க்குரியில் எல்லாமே சாய்வும் வளைவும். சாம் பாரிஸின் துணிச்சல் எத்தகையது என்று இப்போது விளங்குகிறதா? தவறாக அறுத்த தூணை மறுபடி முளைக்கவைக்க முடியாதே! அதனால்தான் அனுபவசாலிகள் ரம்பத்தைத் தொடுமுன் கதவுச் சட்டங்களுக்குக் குறுக்குக் கம்பிகளை ஒட்டிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் கூரை போனதும் உடல் விரிந்து, கதவுகள் பிறகு மூடாது.

இனி அந்தப் புதுத் துண்டைப் பற்றிப் பார்ப்போம். அதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது.

ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டலாம். ஆனால் ஒரு பந்தின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியுமா? முடியாது. குழல் ஒரு பக்கம் மட்டும் வளைந்தது. பந்து இரு பக்கமும் வளைந்தது. காரின் கூரையும் மட்கார்டும் பந்தின் இனம். தட்டைத் தகட்டை அப்படி ஆக்க வேண்டுமானால் அதன் பரப்பையே மாற்றியாக வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டின் விளிம்பை அப்படியே வைத்துக்கொண்டு நடுவை 5 செ.மீ. குழிப்பதாகக் கொள்வோம். தட்டையாக இருந்தபோது பரப்பு π × 20². குழிந்த பிறகு π × (20² + 5²). அதாவது 400-க்குப் பதில் 425. நூற்றுக்கு 6¼ பங்கு கூடுதல். இந்தக் கூடுதல் பரப்பு எங்கிருந்து வந்தது? தகட்டின் தடிப்பிலிருந்து. 1 மி.மீ. தடிப்பு சராசரியாக 0.94 மி.மீ. ஆகிவிடுகிறது.

மணல் நிரப்பிய தோல்பையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடித்துக் குழிப்பது பழைய முறை. பிறகு, ஒன்றன்மேல் ஒன்றாக உருளும் இரண்டு உருக்குச் சக்கரங்களுக்கிடையே தகட்டை முன்னும் பின்னும் தள்ளி, மேடுபள்ளங்களை நிரவுகிறார்கள். மேல் சக்கரம் தட்டை. கீழ்ச் சக்கரம் லேசாக உப்பலானது. அதற்கு ஆங்கிலச் சக்கரம் என்று பெயர். சப்பாத்திக் குழவி மாவைப் பரப்புவதுபோல அது இரும்பைப் பரப்புகிறது. எவ்வளவு பரப்பினோம் என்பதை அவ்வப்போது அட்டை வார்ப்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தகடு முரண்டு பிடிக்கும். ஏன்? உலோகம் சிறு சிறு படிகங்களால் ஆனது. படிகத்துள் அணுக்கள் வரிசையாக நின்றாலும், ஆங்காங்கே ஓர் அடுக்கு பாதியிலேயே நின்றுபோயிருக்கும். சுத்தியல் அடி விழும்போது இந்தக் குறைகள்தாம் நகர்கின்றன. பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம்; அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதில் நகரும் அல்லவா? அதுபோலத்தான். ஆனால் அடிக்க அடிக்கப் புதிய மடிப்புகள் தோன்றி, ஒன்றையொன்று வழிமறிக்கின்றன. தகடு இறுகுகிறது, மேலும் அடித்தால் கீறல் விடும். செம்புக் கம்பியை ஒரே இடத்தில் பலமுறை மடக்கிப் பாருங்கள். முதலில் இளகி மடங்கும், பிறகு விறைக்கும், கடைசியில் ஒடியும்.

இதற்கு மருந்து நெருப்பு. சூடாக்கினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அமைந்து, தகடு பழையபடி இளகுகிறது. உருக்கு செந்நிறம் காட்டி எச்சரிக்கும். அலுமினியமோ நயவஞ்சகம் பிடித்தது! 660° செ. வெப்பத்தில், நிறமே மாறாமல், திடீரென்று உருகி ஓட்டையாகிவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். தகட்டுக்காரர்கள் இதற்கு ஓர் அருமையான தந்திரம் கண்டுபிடித்தார்கள். அசிட்டிலீன் சுடரில் ஆக்சிஜனைக் குறைத்தால் கரி கக்கும். அந்தக் கரியைத் தகட்டின் மேல் ஒரே சீராகப் படியவிடுகிறார்கள். பிறகு ஆக்சிஜனைக் கூட்டி, சுடரைப் பரவலாகக் காட்டுகிறார்கள். எந்த இடத்தில் கரி எரிந்து மறைகிறதோ, அந்த இடம் சுமார் 400° செ. எட்டிவிட்டது என்று பொருள். சுடரை உடனே நகர்த்த வேண்டும். வெப்பமானி இல்லாமல் கரியைக்கொண்டே வெப்பத்தை அளந்துவிட்டார்கள், பாருங்கள்!

துண்டு தயார். ஒட்டும்போது வேறொரு தொல்லை. ஒரு மீட்டர் உருக்கு 500° சூடேறினால் 6 மி.மீ. நீளும். வெல்டிங் செய்யும் இடம் மட்டும் கொதிக்கும்போது, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை நீளவிடாது. நீள வழியில்லாமல் அது தடித்துப்போகிறது. ஆறும்போதோ முன்னைவிடச் சுருங்குகிறது. விளைவு, சமமாக இருந்த கூரை அப்பளம்போல் நெளிந்துவிடும். எனவே ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்வதில்லை. இங்கே ஒரு புள்ளி, ஆறியபின் எட்டத்தில் ஒரு புள்ளி என்று வைத்து, சுருங்கிய இடத்துக்கு அடியில் இரும்புக் கட்டியைப் பிடித்து மேலிருந்து தட்டி மறுபடி நீட்டுகிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் டிங்கரிங் என்கிறார்களே, அதுவும் இதுதான்.

மிச்சமுள்ள சிறு பள்ளங்களை அந்தக் காலத்தில் ஈயத்தால் நிரப்பினார்கள். 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கலவைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 183° செ. வெப்பத்தில் உருகத் தொடங்கும். ஆனால் ஏறத்தாழ 255° வரை முழுதும் நீராகாமல் வெண்ணெய்போல் இருக்கும். மெழுகு தடவிய மரக்கரண்டியால் அதை வழித்துப் பூசலாம். பள்ளிக்கூடத்தில் ‘உருகுநிலை’ என்று ஒரே எண்ணைப் படித்த நமக்கு இது வியப்பாக இருக்கும். கலவைகளுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரே எண் இருப்பதில்லை. காரீயத்தூள் மூச்சில் புகுந்தால் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஆகவே ஈயம் பூசிய இடத்தை அரத்தால் மெல்லச் சீவ வேண்டுமே தவிர, தூள் பறக்கும் தேய்ப்பு எந்திரத்தை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. 1950-களில் பாலியெஸ்டர் பட்டி வந்தபின் பலர் ஈயத்தைக் கைவிட்டார்கள். முழு உடலையே கண்ணாடி இழையால் வார்ப்பதும் வந்துவிட்டது. சுலபமும் மலிவும்தான். ஆனால் விரல் தடிமனுக்குப் பட்டியை அப்பி நெளிவை மறைப்பதை, நல்ல தகட்டுக்காரர் வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. சாலை அதிர்ச்சியில் அது ஒருநாள் விரிசல் விடும்.

வண்ணம் அடிக்குமுன் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துத் தகட்டின் மேல் நீளவாக்கில் தடவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அலையும் கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், சாக்குக்கட்டியால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, சுத்தியலை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.