இடைமருதும் எழுத்தியல்பும்

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துங் கருவி மொழி. மொழிக்கு உறுப்பாவது சொல். சொற்கு உறுப்பாவது எழுத்து. எழுத்தென்றவழி ஏட்டில் வரையப்படும் வடிவினையே பலருங் கருதுவர். இலக்கணநூலார் கருத்து அஃதன்று. செவிப்புலனாம் ஒலியே எழுத்து. வரிவடிவம் அதற்கு இட்ட அறிகுறியே. தமிழ்நாட்டரசு 1978-ஆம் ஆண்டில் றா, னை முதலியவற்றின் வரிவடிவத்தை மாற்றியமைத்தது. அதனால் தமிழெழுத்து ஒன்றேனும் மிக்கதுமில்லை, குறைந்ததுமில்லை.

அங்ஙனமாயின் ஒலியெல்லாம் எழுத்தாமோ எனின், ஆகா. இருமலுஞ் சீழ்க்கையும் வாயிற் பிறப்பினும் சொல்லை ஆக்காமையின் எழுத்தெனப்படா. சொல்லை ஆக்கிப் பொருளை வேறுபடுத்தும் ஒலியே எழுத்தாம். மூவர் முதலிகளும் பாடிப் பரவிய திருவிடைமருதூரின் பெயர்கொண்டே இதனை விளக்கலாம்.

அத்தலத்து மரம் மருது. இச்சொல்லின்கண் ம், அ, ர், உ, த், உ என ஆறெழுத்து உள. முதனின்ற மகரமெய்யை நீக்கிக் ககரமெய்யை வைப்பின், மரத்தின் பெயர் போய்க் 'கருது' என்னும் ஏவற்சொல் வந்துவிடும். இனி, மருது என்புழித் தகரம் மெலிந்தொலிக்கும். தலை என்புழி வலிந்தொலிக்கும். அவ்வேறுபாட்டாற் பொருள் வேறுபடாமையின் தமிழில் இரண்டும் ஓரெழுத்தேயாம். இக்கால மொழிநூலார் ஒலியன் என்று வழங்குவது இக்கருத்தினை ஒட்டியதே.

தொல்காப்பியனார் உயிர் 12, மெய் 18 ஆக எழுத்து 30 எனவும், சார்ந்துவரும் இயல்பின 3 எனவும் வகுத்தார். மருது என்பதன் ஈற்றுகரம் அரைமாத்திரையாய்க் குறுகிய குற்றியலுகரம். ஊர் என்னுஞ் சொல் வந்து புணருங்கால் அது தான் ஏறிய மெய்யை விட்டு நீங்கும். நின்ற தகரமெய்யில் ஊகாரம் ஏற மருதூர் என்றாகும். உயிர் நீங்கியவழி மெய் தனித்தியங்காமை ஈண்டுக் கண்கூடு. உயிர், மெய் என்னும் பெயர்களின் பொருத்தமும் இதனால் விளங்கும். உமாபதிசிவனார் திருவருட்பயனின் முதற்கண்ணே, அகரவுயிர் எழுத்துக்களிற் கலந்துநிற்கும் நிலையை இறைவன் உலகுயிர்களிற் கலந்துநிற்கும் நிலைக்கு உவமையாக்கினமையும் உணர்தற்பாலது.

சமணரான பவணந்தியார் எழுத்தொலிக்கு அணுத்திரளைக் காரணமாகக் கூறினார். சைவசித்தாந்திகளோ சுத்தமாயையினின்று சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்குந் தோன்றுமென்பர். மயில்முட்டையின் நீரிற் பலநிறமும் பிரிவின்றி அடங்கியிருத்தல்போல் எழுத்தெல்லாம் பைசந்தியில் அடங்கிநிற்கும். மத்திமையில் உள்ளத்தே முறைப்பட்டு நிற்கும். வைகரியிற் பிறர்செவிக்குப் புலனாகும். ஆகவே நாவில் ஒலிக்கும் எழுத்து உள்ளத்தெழுந்த கருத்தின் புறவடிவமேயாம்.

ஆதலின் வரிவடிவம் மாறுதலால் நேராத கேடு ஒலிவடிவம் பிறழ்தலால் நேரும். தாள் என்பது திருவடி. தாழ் என்பது கதவின் தாழ்ப்பாள். ளகரமும் ழகரமும் மயங்கின், இறைவன் திருவடியைப் போற்றப் புகுந்தவன் கதவின் தாழைப் போற்றியவனாவான். திருமுறை ஓதுவார்க்கு இசைப்பயிற்சியினும் எழுத்துப்பயிற்சி முற்பட வேண்டுவது இதுபற்றியென்க.