விதைநிதியும் விளைபயனும்

புதிய மருத்துவக் கருத்தொன்று பயன்தருமா எனச் சோதித்தறிய முதற்கட்டமாக வழங்கப்படும் சிறுதொகை விதைநிதி எனப்படும். அதன் பயனை அளப்பது எளிதன்று.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகியோரின் பெனிசிலின் ஆய்வுக்கு 1939இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு முதலில் அளித்தது 25 பவுண்டு மட்டுமே. பின்னர் ராக்பெல்லர் அறக்கட்டளை ஐந்தாண்டுகளுக்கு நிதி வழங்க முன்வந்தது. 1940 மே மாதம் கொடிய கிருமி செலுத்தப்பட்ட எட்டு எலிகளுள் மருந்து பெறாத நான்கும் மறுநாள் காலைக்குள் இறந்தன. பெற்ற நான்கும் உயிருடன் இருந்தன. 1941இல் மருந்து பெற்ற காவலர் ஒருவர் தேறிவந்தார். மருந்து தீர்ந்துபோனமையால் மாண்டார். அன்றே கணக்கை முடித்திருந்தால் ஆய்வு தோல்வி எனப் பதிவாகியிருக்கும். 1944இலோ போர்முனை வீரர் பலரை அம்மருந்தே காத்தது.

விதைநிதியைத் தொடர்ந்து கிடைத்த பெருநிதி, வெளியான ஆய்வுக்கட்டுரைகள், நோயாளரை அடைந்த சிகிச்சை ஆகியவற்றை மதிப்பீட்டாளர் நோக்குவர். தொடர்நிதி விரைவில் புலப்படும். ஆயினும் அது நலமன்று, நலத்திற்கான வாய்ப்பே. அந்நிதி இல்லாமலும் ஆய்வு நிகழ்ந்திருக்குமோ என்னும் ஐயமும் எழும். அதனைத் தீர்க்க, சிறு வேறுபாட்டில் நிதி பெற்றோரையும் இழந்தோரையும் ஒப்பிடுவர்.

விரைந்து பலன்தரும் ஆய்வுகளுக்கே நிதி என்றால், நெடுங்காலம் வேண்டுவன முளையிலேயே கருகும். ஆகவே, எதை அளப்பது என்பதைப் போன்றே எப்போது அளப்பது என்பதும் உயிர்களைச் சார்ந்த முடிவாகும்.