பட்டைத்தூளில் வந்த ஈயம்

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், 2023-ல், ஒரே வீட்டுக் குழந்தைகள் இருவரின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியிருந்தது. இப்படி நேர்ந்தால் சுகாதார ஆய்வாளர்கள் முதலில் வீட்டைத்தான் சந்தேகிப்பார்கள்: பழைய பெயின்ட், மண், தண்ணீர்க் குழாய். கடைசியில் சிக்கியதோ, பிள்ளைகள் விரும்பி உறிஞ்சிக் குடித்த ‘வனபானா’ என்ற ஆப்பிள் கூழ் பாக்கெட். பட்டை வாசனை சேர்த்தது. ஆய்வகத்தில் சோதித்தபோது அதில் ஈயம் மிக அதிகமாக இருந்தது.

அக்டோபர் 28 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மக்களை எச்சரித்தது. வனபானா நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெறத் தொடங்கியது. நவம்பரில் ஷ்னக்ஸ், வைஸ் என்ற இரண்டு கடைகளின் சொந்தப் பெயரில் விற்ற கூழும் பட்டியலில் சேர்ந்தது. பெயர்கள்தான் மூன்று, தயாரித்தது ஈக்வடார் நாட்டின் ஆஸ்ட்ரோஃபுட்ஸ் என்ற ஒரே தொழிற்சாலை.

யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று ஒவ்வொரு உணவு நிறுவனமும் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். பட்டை சேர்க்காத கூழில் சிக்கல் இல்லை. தொழிற்சாலையில் எடுத்த பட்டைத்தூளில் ஈயம் 2,270 முதல் 5,110 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு இருந்தது. இத்தகைய மசாலாவுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அப்போது பரிசீலித்து வந்த உச்சவரம்பு வெறும் 2.5. கூடவே குரோமியமும் இருந்தது. இரண்டும் இருந்த விகிதம் லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைக் காட்டிக்கொடுத்தது. மசாலாவுக்கு நிறம் கூட்ட உலகின் பல இடங்களில் கயவர்கள் கலக்கும் அதே பொடி. இலங்கையிலிருந்து போன முழுப் பட்டையைச் சோதித்த ஈக்வடார் அதிகாரிகள் அதில் ஈயக் கலப்படம் இல்லை என்றார்கள். ஆகவே சந்தேகம் அதை அரைத்துக் கொடுத்த ஆலையின் மேல் விழுந்தது. அந்த ஆலை நேரடியாக அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பவில்லை. அதனால் எஃப்.டி.ஏ.வின் கை அதுவரை நீளவில்லை.

கண்டம் தாண்டிப் போய் மூலத்தைத் தேடியவர்கள் சறுக்கியது உள்ளூர்க் கடை அலமாரியில். அறிவிப்பு வெளியான பிறகும், டிசம்பரிலும்கூட, டாலர் ட்ரீ கடைகள் சிலவற்றில் அந்தப் பாக்கெட்டுகள் இருந்தன. 2024 ஜூனில் எஃப்.டி.ஏ. டாலர் ட்ரீ நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை 2011-ன் சட்டம் அந்த அமைப்புக்குத் தந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் நிறுவனங்களே முன்வந்து செய்கின்றன. எந்த வழியில் நடந்தாலும், கடைப் பையன் அலமாரியிலிருந்து எடுக்காதவரை எல்லாம் வெறும் காகிதம்தான். 2024 மார்ச்சுக்குள் உறுதியானவை, சந்தேகத்துக்குரியவை எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாதிப்புகள் பதிவாகின. பொட்டலத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஈயத்தைக் குழந்தைகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். என் பார்வையில் முதல் தோல்வி அதுதான்.

ஈயத்துக்கு நாம் கண்டுகொள்ளும்படி மணம் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே திரும்பப் பெறச் சொன்ன பொருளை ‘கொஞ்சம் ருசி பார்த்தால் என்ன’ என்று வாயில் வைக்கக் கூடாது. வேலைக்கு வருபவரிடம் தூக்கிக் கொடுப்பது அதைவிட மோசம்.

இந்தியாவிலும் 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவும், 2017-ல் வந்த விதிமுறைகளும் இப்படிச் சரக்கைத் திரும்பப் பெறுவதற்கென இருக்கின்றன. எந்தச் சரக்கு என்று அடையாளம் காட்டுவது உறைமேல் அச்சிட்ட பேட்ச் எண். நாமோ மசாலாவை டப்பாவில் கொட்டியதும் உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டி, டப்பா காலியாகும்வரை அதனுடனேயே வைத்திருங்கள்.