விம் கிரௌவெலின் ‘நியூ ஆல்ஃபபெட்’: கோண வடிவ எழுத்துருவும் வாசிப்பும்

முன்னுரை

அச்செழுத்தின் வடிவத்தை முடிவுசெய்வது அதனைப் பதிக்கும் கருவியா, வாசிக்கும் கண்ணா என்பது எழுத்துருவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் கிரௌவெல் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நியூ ஆல்ஃபபெட்’ என்னும் இலத்தீன் எழுத்துரு, இவ்வினாவிற்குக் கருவியின் பக்கம் நின்று விடை கூறியது. அவ்விடை பின்னாளில் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியின் வரம்பு

1960களில் ஜெர்மனியின் ஹெல் நிறுவனம் ‘டிஜிசெட்’ என்னும் எழுத்துக்கோக்கும் இயந்திரத்தை உருவாக்கியது. இது எழுத்துகளைக் கதிர்க்குழாயின் திரையில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பிரித்து வரைந்தது. நேர்கோடுகள் அவ்வாறே பதிந்தன. வளைவுகளோ படிக்கட்டுப் போன்று சிதைந்தன. அளவு மாறுந்தோறும் சிதைவும் மாறியது. ஆகவே, பழைய எழுத்துகளை இயந்திரத்திற்குள் திணிப்பதைவிட, அதன் இயல்பிலிருந்தே புதிய எழுத்தைப் படைக்கலாம் எனக் கிரௌவெல் கருதினார்.

வடிவ அமைப்பு

இவ்வெழுத்துருவில் வளைவுகள் இல்லை. கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, மூலைகளில் 45 பாகைச் சாய்வு ஆகியவையே இதன் உறுப்புகள். கோட்டு முனைகளில் அலங்கார நீட்சி இல்லாததால் இது சான்ஸ் செரிஃப் வகையைச் சாரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவேறு வடிவத் தொகுதிகள் இல்லை. கட்ட ஒழுங்கு முழுமை பெற்றது. ஆயின், பல எழுத்துகள் தம் பழகிய உருவை இழந்தன.

எதிர்வாதம்

கெரார்ட் உங்கர் இதற்கு மாற்று முன்மொழிவு ஒன்றை வெளியிட்டார். இயந்திரத்தின் வரம்பிற்குள்ளேயே மரபான உருவைக் காக்க இயலும் என்பது அவர்தம் நிலைப்பாடு. 1970களில் ஹெல் நிறுவனத்திற்காக அவர் வடிவமைத்த ‘டெமோஸ்’ எழுத்துரு அதனை மெய்ப்பித்தது. திரைநுட்பம் நுண்மையுற்றபின் வளைவுகளும் செம்மையாகப் பதிந்தன. இதனால் கிரௌவெல் முன்வைத்த தேவையே மறைந்தது.

காட்சிப் பயன்பாடு

தேவை மறைந்தபின்னும் வடிவம் மறையவில்லை. ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பின் 1988ஆம் ஆண்டு அட்டையில் இவ்வெழுத்துரு இடம்பெற்றது. கிரௌவெலின் விதிப்படி வாசித்தால், அதில் ‘ஏ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘1’ என்னும் எண்ணும், ‘என்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எம்’ எழுத்தும் உள்ளன. ஆயினும், வாசகர் அதனைச் சரியாகவே வாசிக்கின்றனர். வகுக்கப்பட்ட விதியைக் காட்டிலும் பழகிய உருவத்தின் சாயலே வாசிப்பை நடத்துகிறது என்பதற்கு இது தக்க சான்று. 1997இல் லண்டனின் ‘தி ஃபவுண்ட்ரி’ இதனைக் கணினி எழுத்துருவாக்கியது. 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தொகுப்பில் சேர்த்தது.

முடிவுரை

தொடர் வாசிப்பில் கண் தனியெழுத்தில் தங்குவதில்லை. அங்கு அறிமுகமற்ற உருவம் தடையாகிறது. தலைப்பிலோ சொற்கள் சில, அளவு பெரிது, வாசகர் நின்று நோக்க இடமுண்டு. அங்கு அதே தடை ஈர்ப்பாகிறது. எனவே, காட்சி எழுத்துரு என்பது எழுத்தின் உருவை மட்டும் பொறுத்த வகைப்பாடு அன்று. வாசிக்கும் சூழலையும் பொறுத்தது.