ஓட்டை உடைசல்களின் உடல்: சித்திரக்கதை ரோபோவும் சோளக்காட்டுப் பொம்மையும்

சித்திரக்கதைகளில் வரும் இயந்திர மனிதர்களைச் சிறுபிள்ளை விஷயம் என்று நம் இலக்கியச் சூழல் ஒதுக்கியே வந்திருக்கிறது. ஆனால் உழைப்பு, உடல், கழிவு ஆகிய மூன்றையும் ஒரே உருவத்துக்குள் வைத்து யோசிக்க இடம் தரும் வெகுஜனப் பிரதிகள் இவை. அதிலும், கழித்துப் போட்ட பாகங்களிலிருந்து ஒரு ரோபோவை வரைவது வெறும் ஓவிய உத்தி அல்ல. இந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, முன்பு யாருக்காக என்ன வேலை செய்தது, ஏன் கழிக்கப்பட்டது என்ற கேள்விகளையும் அது கூடவே இழுத்து வருகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் நின்றுகொண்டு இக்கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

'ரோபோ' என்ற சொல்லே உழைப்பிலிருந்து பிறந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1920இல் வெளியானது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையடிமைகள் செய்த கட்டாய உழைப்பு. நம் பக்கத்தில் கூலியில்லாமல் செய்யச் சொன்ன வெட்டி ஊழியம் போல. சாபெக்கின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல, செயற்கைச் சதையில் வார்த்தவை. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1818இல், மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைன் பிண உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்கியிருந்தான். ஆக, செயற்கை உடலுக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு வழிகள்: ஒரே அச்சில் வார்ப்பது ஒன்று, பொறுக்கிச் சேர்ப்பது இன்னொன்று.

நமக்கு முதலில் வந்து சேர்ந்தது வார்த்த ரோபோதான். 1952இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் தொடங்கிய ரோபோ ஆர்ச்சி, 1980களில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசியது. அதற்கு முன்பே, 1972இல், முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்துவிட்டது. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்கள் அச்சிட்டு வளர்ந்த ஊரில், வெளிநாட்டுக் கட்டங்களில் இருந்த ஆங்கிலத்தை அழித்துத் தமிழை ஒட்டி இந்தப் புத்தகங்கள் தயாராயின. அந்த வகையில் தமிழ்ச் சித்திரக்கதையே ஒட்டுவேலைதான்.

ஆர்ச்சிக்குத் தமிழ் வாசகர்கள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர் 'சட்டித் தலையன்'. இந்தப் பெயர் என்னை நிறைய யோசிக்க வைத்திருக்கிறது. ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் செய்த எஃகு மனிதனின் தலையில் நம் ஆட்கள் கண்டது எஃகை அல்ல, சட்டியை. சட்டியைத் தலையாக வைத்த உருவம் ஒன்று நம் காடுகரைகளில் முன்பே நின்றுகொண்டிருந்ததே! கிழிந்த சட்டை, வைக்கோல், ரெண்டு கம்பு, கரி பூசிச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பழைய பானை: சோளக்காட்டுப் பொம்மை. பறவை விரட்டுவது, கண்ணேறு கழிப்பது என்று ஒரு மனுசனின் காவல் வேலையைக் கூலியில்லாமல் செய்கிற உருவம். அறுவடை முடிந்தால் அதைப் பிரித்துப் போட்டுவிடலாம். 'ரொபோட்டா'வுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் நம்மிடம் வேறில்லை என்று எனக்குப் படுகிறது. சட்டித் தலையன் என்ற பெயர் வார்த்த ரோபோவைப் பொறுக்கிச் சேர்த்த ரோபோவாக மாற்றி வாசித்த ஒரு வாசிப்பு.

லெவி ஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த தன் நூலில் பொறியாளரையும் 'ப்ரிகோலர்' என்னும் ஒட்டுவேலைக்காரரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பொறியாளர் திட்டத்தை முதலில் போட்டு, பொருளைப் பிறகு தேடுகிறார். ஒட்டுவேலைக்காரரோ கையில் கிடப்பதை முதலில் பார்க்கிறார். திட்டம் அதிலிருந்து பிறக்கிறது. கையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்கனவே ஒரு வேலை இருந்தது, அந்தப் பழைய வேலை புதிய வேலைக்கு எல்லை கட்டுகிறது. லாரி டயரைச் செருப்பாக்குகிறவருக்கும் மாட்டுவண்டிக்குச் சக்கரமாக்குகிறவருக்கும் இதைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சித்திரக்கதைக்குள் இது எப்படி அரசியலாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் தரலாம். 1978இல் பிரிட்டனின் 'ஸ்டார்லார்ட்' இதழில் பாட் மில்ஸ் தொடங்கிய 'ரோ-பஸ்டர்ஸ்' கதையில், காலாவதியான ரோபோக்கள் ஆபத்தான மீட்புப் பணிக்கு அனுப்பப்படுகின்றன. போனால் போகட்டும் என்பதுதான் கணக்கு. முதலாளியின் பெயரே 'பத்து சதவீதம்'. அவர் உடலில் மூளை மட்டும்தான் மனிதனுடையது. ஹாமர்ஸ்டைன் பழைய போர் ரோபோ, கையே சுத்தியல். ரோ-ஜாஸ் சாக்கடை ரோபோ, வாயைத் திறந்தால் வசவு. இங்கே வடிவமைப்பு என்பது அலங்காரம் அல்ல, வேலை உடலில் விட்டுப்போன தழும்பு. மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றிய பின்னும் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகிற நாட்டில் வாசிக்கும்போது, ரோ-ஜாஸின் வசவு வெறும் நகைச்சுவையாக நிற்பதில்லை.

சரி, நம் மண்ணில் ஒரு ரோபோவை வரைந்தால் எப்படி வரைவது? மூன்று விதிகளைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலாவது, பாகம் தன் பழைய வேலையை மறக்கக் கூடாது. கமலைக் கிணற்றின் இரும்புச் சாலை மார்பாக வைத்தால், அதன் அடியில் தோல்வால் பூட்டிய வாய் திறந்துதான் இருக்கும். ஊற்றியதெல்லாம் கீழே போய்விடும். எதையும் தனக்கென்று தேக்கி வைக்கத் தெரியாத ஒரு பாத்திரம் அந்த ஓட்டையிலிருந்தே கிடைக்கிறது. பம்புசெட்டு வந்ததும் போர் போட்டதும் நீர்மட்டம் கீழே போனதும் வசனமில்லாமல் கூடவே வருகின்றன. அருப்புக்கோட்டை விசைத்தறியில் நாடாவை எறிகிற தடியைக் கையாக வைத்தால், அந்தக் கைக்கு வெடுக்கென்று எறிய மட்டும்தான் தெரியும். அணைக்கத் தெரியாது. குழந்தையைத் தூக்க அது படும் பாடே ஒரு கதை.

இரண்டாவது, மூட்டு தெரிய வேண்டும். பளபளப்பான ரோபோவில் மூட்டுகள் மறைக்கப்படுகின்றன, செய்தவர் யாரென்ற கேள்வியும் அதோடு மறைகிறது. கட்டுக்கம்பி, சைக்கிள் செயின், வெல்டிங் வடு எல்லாம் கோட்டில் தெரிந்தால், பட்டறைக்காரரும் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து அதைத் தெருத்தெருவாய்ப் பொறுக்கி வந்தவரும் படத்துக்குள் இருக்கிறார்கள். கழிவைத் தொட்டுப் பிழைப்பவர் யார் என்பதை இந்தச் சமூகம் சாதியாகவும் பிரித்து வைத்திருக்கிறது. 'பழசிலிருந்து புதுசு' என்று ஒட்டுவேலையைக் கொண்டாடும் அழகியல், இதைச் சொல்லாமல் விட்டால் அது நகரத்து வரவேற்பறை அலங்காரம்தான்.

மூன்றாவது, அதற்குப் பசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது தமிழகப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. இன்று திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பிழைப்பு. நம் ரோபோ அந்தக் கரியில் ஓடட்டும். காலையில் யாராவது வந்து துருத்தியைச் சுற்றினால்தான் எந்திரிக்கும். 'ஏலேய், எந்திரிடா, கஞ்சி ஊத்தியாச்சு' என்று ஓர் ஆத்தா சொல்லாமல் அதன் கண் எரியாது. எல்லாம் வல்ல இரும்பு நாயகன் என்ற கதையாடல் அந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

இதற்கு எதிர்த்திசையில் போனது 2010இல் வந்த 'எந்திரன்'. அதில் விஞ்ஞானி வெட்டிக் குப்பையில் எறிந்த ரோபோவைக் குப்பைமேட்டிலிருந்து மீட்பவன் வில்லன். மீட்கப்பட்டுச் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டதும் ரோபோவும் வில்லனாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது நல்லது, குப்பையிலிருந்து வந்தது கெட்டது என்று படம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் கட்டமைப்பு அப்படித்தான் இயங்குகிறது. கடைசியில் நீதிமன்ற உத்தரவுப்படி அது தன்னைத்தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காட்சிதான். ஏனெனில் அங்கேதான் ரோபோவுக்குப் பாகங்கள் இருப்பதும், அவை கழன்றால் ஒரு குரல் நின்றுபோகும் என்பதும் தெரியவருகிறது. ஆனால் கழற்றிய பாகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. வேறொருவர் கைக்கு, வேறொரு வேலைக்குப் போவதில்லை.

சோளக்காட்டுப் பொம்மைக்கு அருங்காட்சியகம் கிடையாது. அதன் கம்பு அடுத்த வருசம் பந்தலுக்குப் போகும், சட்டை கரித்துணியாகும், சட்டி உடைந்து மண்ணில் கெடக்கும். நம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அறிவியல் புனைவு எழுத உட்கார்ந்தால் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பளபளப்பைத்தான் கடன் வாங்குகிறார்கள். பக்கத்துத் தெரு பழைய இரும்புக் கடைக்குள் ஒருநாள் போய், எடைத்தட்டில் கிடக்கும் ஒவ்வொரு சாமானும் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து வரையலாம். எனக்கு இதில் இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது: அப்படி வரைந்த ரோபோ கூலி கேட்டால், நாம் யார் பக்கம் நிற்கப் போகிறோம்? தோழர்கள் இதை விவாதிக்க வேண்டும்.